நூல்சேர்ப்பும் நூலுரிமையும்: பல்கலைக்கழக நூலகங்கள் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

ஹெவ்லொக் டவுனிலே இன்று உயர்ந்து நிற்கும் அடுக்குமாடிக் குடியிருப்புத் தொகுதி, முன்னர் வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்திலே எழுப்பப்பட்டதாகும். 1933ஆம் ஆண்டு அவ்வாலைத் தொழிலாளர் நடத்திய வேலைநிறுத்தம் இலங்கை இடதுசாரி இயக்க வரலாற்றில் முக்கிய நிகழ்ச்சி. அதிலே தொழிலாளர் பக்கம் நின்ற கொல்வின் ஆர். டி சில்வா முதலியோரே 1935 டிசெம்பரில் லங்கா சமசமாஜக் கட்சியைத் தோற்றுவித்தோருள் முன்னின்றனர். இவ்வரலாற்றை எழுத முற்படும் ஆய்வு மாணவருக்கு எத்தகைய மூலங்கள் வேண்டும்? துண்டுப் பிரசுரங்கள், தொழிற்சங்க அறிக்கைகள், சில இதழ்களோடு நின்றுபோன பத்திரிகைகள், ஆலையில் உழைத்தோரின் நினைவுகள் ஆகியனவே அவை. புத்தக வணிகரின் விலைப்பட்டியலில் இவற்றைக் காண்பதரிது. சந்தாவுக்கு விற்கப்படும் மின்னியல் தரவுத்தளங்களிலும் காண்பதரிது. பல்கலைக்கழக நூலகம் எதைச் சேர்க்கிறது, எதைச் சேர்க்காது விடுகிறது என்பது வெறும் நிருவாகப் பிரச்சினையன்று என்பதை உணர இவ்வோர் உதாரணமே போதும்.

நமது பல்கலைக்கழக நூலகத்தின் தோற்றம் 1921இல் கொழும்பில் நிறுவப்பட்ட பல்கலைக்கழகக் கல்லூரியோடு தொடர்புடையது. அக்கல்லூரி இலண்டன் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கு மாணவரை ஆயத்தஞ் செய்தது. எனவே எந்நூல்கள் வாங்கப்பட வேண்டும் என்பதை இலண்டன் பாடவிதானமே பெரும்பாலும் தீர்மானித்தது. 1906 முதல் பல்கலைக்கழகக் கோரிக்கையை முன்னெடுத்த சேர். பொன்னம்பலம் அருணாசலம் 1924இல் மறைந்தார். அவரது சொந்த நூற்றொகுதி இந்நூலகத்தைச் சேர்ந்தது. கீழைத்தேயவியலும் மேனாட்டு மெய்யியலும் ஒருங்கே பயின்ற உயர்குழாத்துக் கல்விமான் ஒருவரின் நூல்விருப்பு, ஒரு தேசிய நிறுவனத்தின் வித்துக்களுள் ஒன்றாயிற்று. அதன் பெறுமதியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. ஆயினும் நூலகம் ஒன்றின் அத்திவாரம் எந்த வர்க்கத்தின் வாசிப்பு அறையிலிருந்து வந்தது என்பது மனங்கொளத்தக்கது.

1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் உருவாயிற்று. 1943இல் விபுலாநந்த அடிகள் அதன் முதற் தமிழ்ப் பேராசிரியரானார். 1952இல் பல்கலைக்கழகம் பேராதனைக்குப் பெயர்ந்தபொழுது நூலகத்தின் பெரும்பகுதியும் உடன் சென்றது. உள்நாட்டு வெளியீடுகளைப் பொறுத்தவரை, 1885ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் அச்சகத்தார் தம் வெளியீடுகளைச் சமர்ப்பிக்க வேண்டுமெனப் பணித்தது. 1877இல் திறக்கப்பட்ட கொழும்பு நூதனசாலையின் நூலகம் அதனாற் பயன்பெற்றது; பின்னர் பேராதனை நூலகமும் இவ்வுரிமையைப் பெற்றது. ஆனால் சட்டம் பணிப்பது வேறு, சிறு அச்சகம் அனுப்புவது வேறு. இயக்கங்கள் வெளியிட்ட துண்டுப் பிரசுரத்திற்குத் தபாற்செலவு செய்து நூலகத்துக்கு அனுப்பும் அக்கறையோ வசதியோ எல்லாரிடத்தும் இருந்திருக்க முடியாது.

1960களின் தொடக்கத்திலே கலைத்துறைப் பாடங்கள் சிங்களத்திலும் தமிழிலும் கற்பிக்கப்படலாயின. கிராமத்துப் பாடசாலைகளிலிருந்து புதியதொரு மாணவர் கூட்டம் வந்தது. நூலகத் தட்டுக்களோ ஆங்கிலத்திலேயே பேசின. பேராதனை நூலகர் எச். ஏ. ஐ. குணதிலக்க தயாரித்த மாபெரும் இலங்கை நூல்விபரப் பட்டியலின் முதற் தொகுதிகள் 1970இல் வெளிவந்தன. அது தனிமனித உழைப்பின் வியத்தகு சாதனை என்பதில் ஐயமில்லை. எனினும் அது மேலைத்தேய மொழிகளில் அமைந்த நூல்களையே தன் எல்லையாகக் கொண்டது. தமிழ் வெளியீடுகளைப் பொறுத்தவரை அத்துணை விரிவான பணி வேறு கைகளுக்காகக் காத்திருக்க வேண்டியதாயிற்று.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி அரசு அந்நியச் செலாவணி நெருக்கடி காரணமாக இறக்குமதியைக் கட்டுப்படுத்தியது. 1975 வரை நிதியமைச்சராயிருந்தவர் சமசமாஜக் கட்சியின் என். எம். பெரேரா. தென்னிந்தியச் சஞ்சிகைகளின் வரவு குறைந்தபோது ஈழத்து வெளியீட்டு முயற்சிகளுக்கு ஊக்கம் கிடைத்தது. வீரகேசரிப் பிரசுரங்கள் பெருகின. அதே வேளை, வெளிநாட்டு ஆய்விதழை நம்பியிருந்த ஆய்வாளன் இடர்ப்பட்டான். ஒரே பொருளாதார நடவடிக்கை ஒருபுறம் உற்பத்தியைத் தூண்டியும் மறுபுறம் தொடர்பை அறுத்தும் செயற்பட்டமை இங்கு அவதானிக்கத்தக்கது. நூல்சேர்ப்பு என்பது செலாவணியின் வரலாறுமாகும்.

1981 ஜூன் முதலாந் திகதியை ஒட்டிய இரவில் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் அழிந்தன. ஒரு பிரதி மட்டுமே எஞ்சியிருந்த சுவடியும் பத்திரிகையும் ஓரிடத்தில் மாத்திரம் இருத்தல் எத்துணை ஆபத்தானது என்பதை அச்சாம்பல் உணர்த்திற்று. இன்று மின்னியல் வளங்கள் பற்றி நாம் பேசும்போது இதனை மறத்தலாகாது. நமக்கு மின்பிரதி என்பது வசதிக்கான பொருள் மட்டுமன்று. அழிவுக்கு எதிரான காப்புமாகும்.

ஆனால் பல்கலைக்கழகங்களுக்கு விற்கப்படும் மின்னியல் வளத்தின் தன்மை வேறு. அச்சிதழை வாங்கிய நூலகம் அதன் உடைமையாளர். சந்தா நின்றாலும் பழைய தொகுதிகள் தட்டிலே இருக்கும். மின்னிதழுக்குச் செலுத்தப்படுவதோ பெரும்பாலும் வாடகை. உரிமக் காலம் முடிந்தால், தனி உடன்பாடு இல்லாதவிடத்து, கடந்த ஆண்டுகளுக்குரிய கதவும் மூடப்படலாம். 1990களின் நடுப்பகுதி முதல் பதிப்பாளர் தம் இதழ்கள் அனைத்தையும் ஒரே மூட்டையாகக் கட்டி விற்கும் முறை பரவிற்று. வேண்டியதைத் தெரிந்தெடுக்கும் நூலகரின் உரிமை அதனால் சுருங்கிற்று. கட்டுரையை எழுதுபவரும் மதிப்பிடுபவரும் பெரும்பாலும் பொதுப்பணத்தில் ஊதியம் பெறும் ஆசிரியர். அதே கட்டுரையை மீண்டும் பொதுப்பணங் கொடுத்து வாங்குவது அவர்களது நூலகம். உழைப்பு சமூகமயமாகவும் உடைமை தனியார் வசமாகவும் இருக்கும் முரண்பாட்டுக்கு இதனினும் தெளிவான உதாரணம் தேடவேண்டியதில்லை.

சலுகைகளும் இல்லாமலில்லை. உலக சுகாதார நிறுவனம் 2002இல் தொடங்கிய ஹினாரி போன்ற திட்டங்கள் வறிய நாடுகளுக்கு இலவசமாகவோ குறைந்த கட்டணத்திலோ ஆய்விதழ்களை வழங்குகின்றன. ஆனால் தகுதியை அளக்கும் கோல் நம் கையிலில்லை. 2019இல் உலக வங்கி இலங்கையை உயர் நடுத்தர வருமான நாடென வகைப்படுத்தி, 2020இல் மீண்டும் கீழிறக்கியது. 2022 மார்ச் தொடக்கத்தில் டொலருக்கு ஏறத்தாழ 200 ரூபாவாயிருந்த நாணயமாற்று வீதம் மே மாதத்தில் 360 ரூபா அளவை எட்டியது. ரூபாவில் ஒதுக்கீடு பெற்று டொலரிற் சந்தா செலுத்தும் நூலகத்துக்கு இதன் பொருள் யாதென விளக்க வேண்டியதில்லை.

இதனால் மின்னியல் வளங்களைப் புறக்கணிக்க வேண்டுமென்பது நமது வாதமன்று. எந்திரத்தை உடைப்பது தீர்வாகாது. அது யாருடையது என்பதே வினா. வேறு வழி சாத்தியம் என்பதை வாசகரே நிறுவியுள்ளனர். 1998இல் மதுரைத் திட்டம் தமிழ் இலக்கியங்களை மின்பதிப்பாக்கத் தொடங்கியது. 2005இல் ஈழத்து எழுத்துக்களுக்கென ‘நூலகம்’ தோன்றியது. தன்னார்வலர் உழைப்பால் வளர்ந்த அது ஓர் இலட்சத்துக்கு மேற்பட்ட ஆவணங்களைக் கட்டணமின்றி வாசிக்கத் தருகிறது. கோயில் மலர், பாடசாலைச் சஞ்சிகை, கல்வெட்டு எனப்படும் நினைவுமலர், கட்சிப் பிரசுரம் ஆகிய யாவும் அங்கே ஆய்வுமூலங்களாயின. 1942இல் நிறுவப்பட்டு வெள்ளவத்தையில் இயங்கும் கொழும்புத் தமிழ்ச் சங்கத்தின் நூலகத்தையும் இவ்வரிசையிலேயே வைத்து நோக்க வேண்டும். பல்கலைக்கழகத்துக்கு வெளியே, வாசகர் சந்தாவிலும் நன்கொடையிலும் தங்கி நிற்கும் இம்முயற்சிகள் பல்கலைக்கழகம் ஆற்றியிருக்க வேண்டிய பணியின் ஒரு பகுதியைச் சுமக்கின்றன. தன்னார்வம் மட்டும் ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவை நெடுங்காலம் தாங்கவல்லதா என்பது ஐயத்துக்குரியது.

ஆகவே நூல்சேர்ப்புக்கான நிதியில் ஒரு பகுதி வாடகைக்கன்றி ஆக்கத்துக்கு ஒதுக்கப்படல் வேண்டும். தமிழ், சிங்கள மூலங்களைத் தேடிப் பெறவும், படியெடுக்கவும், பட்டியலிடவும், பல இடங்களிற் பிரதி வைக்கவும் நூலகர்க்குப் பணமும் ஆட்பலமும் தரப்பட வேண்டும். சந்தா ஒப்பந்தங்களைப் பல்கலைக்கழகங்கள் தனித்தனியே அன்றி ஒன்றுகூடிப் பேச வேண்டும். நிலையான உரிமை அவற்றின் முதல் நிபந்தனையாதல் வேண்டும். நமது ஆசிரியர் எழுதும் கட்டுரைகள் நமது மாணவர்க்குத் தடையின்றிக் கிடைக்க வேண்டும்.

இப்பணி நாளைக்கென ஒத்திவைக்கத்தக்கதன்று. 1983க்குப் பின் புலம்பெயர்ந்தோர் விட்டுச் சென்ற நூற்பெட்டிகள் இன்னும் சில வீடுகளில் உள்ளன. ஹெவ்லொக் டவுனிலும் வெள்ளவத்தையிலும் அவ்வீடுகள் ஒவ்வொன்றாக இடிக்கப்பட்டு மாடிமனைகளாகின்றன. ஆலையிருந்த நிலத்தைப் போன்று, அவற்றின் நிலத்துக்கும் விலை உண்டு; பெட்டிகளிலுள்ள காகிதத்துக்கோ பழைய கடதாசி வாங்குபவர் கொடுக்கும் விலைதான். அவர் வருமுன்னே நூலகர் அங்கு செல்ல வேண்டும்.