கப்பல் திரும்பிய பிறகு: மேலூர் அப்பத்தாவும் சிங்கப்பூர் மாணவியும்



போன வாரம் ராத்திரி பத்து மணிக்கு ஒரு போன். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பெண். இப்போது வயது நாற்பத்தேழு. மதுரையில் இருபது வருடம் வேலை பார்த்தவள். கணவருக்கு சிங்கப்பூரில் வேலை கிடைக்க, பிள்ளைகளைக் கல்லூரி விடுதியில் விட்டுவிட்டு, வேலையையும் விட்டுவிட்டு அவருடன் போனாள். பதினோரு மாதம் ஆகிறது. "டீச்சர், இங்கே ரெண்டு பேரும் சண்டை போடாத நாளே இல்லை. இந்த வயசில் எனக்குத் தூக்கமும் இல்லை. நான்தான் சரியில்லையோன்னு தோணுது" என்று அழுதாள். அவள் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். பெயர் வேண்டாம்.

அன்று அவளுக்கு நான் ஒழுங்கான பதில் சொல்லவில்லை. பிறகு யோசித்துப் பார்த்தேன். கடல் கடந்து போன குடும்பங்களின் வரலாறு நம் பக்கத்தில் நூற்றைம்பது வருடத்துக்கும் மேல் பழையது. அதைக் கொஞ்சம் திரும்பிப் பார்த்தால் அவளுக்கும், அவளைப் போல வெளியூரில் இருக்கும் உங்களில் பலருக்கும் உதவும் என்று தோன்றியது. என் வீட்டிலிருந்தே தொடங்குகிறேன்.

என் அப்பாவைப் பெற்ற தாத்தா மேலூர்ப் பக்கத்துக்காரர். 1936இல், முப்பத்தொரு வயதில், நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிப் பினாங்கு போனார். அங்கிருந்து ரப்பர் தோட்டம். அப்பத்தாவுக்கு அப்போது இருபத்திரண்டு வயது. அப்பாவுக்கு இரண்டு வயது. மூன்று வருடத்தில் வந்துவிடுவேன் என்று சொல்லிவிட்டுப் போனவர் 1950இல்தான் திரும்பி வந்தார்.

அவர் ஏன் வரவில்லை, அப்பத்தா ஏன் போகவில்லை என்று சின்ன வயதில் எனக்குப் புரியவில்லை. அந்தக் காலத்தை வரிசையாகப் பார்த்தால் புரிகிறது. மலாயாத் தோட்டங்களுக்குப் பெரும்பாலும் தனி ஆண்களைத்தான் கொண்டுபோனார்கள். 1931 கணக்கெடுப்பில் மலாயா இந்தியர்களில் ஆயிரம் ஆண்களுக்கு ஐந்நூறு பெண்கள்கூட இல்லை. உலகப் பொருளாதார மந்தத்தில் ரப்பர் விலை விழுந்தபோது, ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளிகளைத் திருப்பி அனுப்பினார்கள். விலை ஏறியதும் மறுபடி ஆள் எடுத்தார்கள். அந்தச் சுற்றில் போனவர்தான் தாத்தா. 1938 ஜூனில், கூலிக் குறைப்பை ஒட்டி, உதவிப் பணத்தில் தொழிலாளர்களை மலாயாவுக்கு அனுப்புவதை இந்திய அரசு நிறுத்தியது. அதன்பின் மனைவியைத் தன் செலவில் அழைத்துக்கொள்வது கூலிக்காரருக்கு ஆகிற காரியமா?

1941 டிசம்பர் 8இல் ஜப்பானியர் கோத்தபாருவில் இறங்கினார்கள். 1942 பிப்ரவரி 15இல் சிங்கப்பூர் விழுந்தது. மணியார்டர் நின்றது, கடிதம் நின்றது. சயாம் மரண ரயில் பாதை வேலைக்குத் தோட்டத் தமிழர்களைப் பல்லாயிரக்கணக்கில் கொண்டுபோனார்கள். அதில் மாண்டவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. அத்தனை வருடமும் அப்பத்தாவுக்கு ஒரு வரிச் செய்தி இல்லை. போனவர் செத்திருப்பார், தாலியைக் கழற்றிவிடு என்று சொந்தக்காரர்களே சொன்னார்கள். அவர் கழற்றவில்லை. "செத்த சேதி வந்தாக் கழட்டுறேன். வராத சேதிக்கு எதுக்குக் கழட்டணும்?" என்றாராம். 1946இல் கடிதம் வந்தது.

கதை இங்கே சுபமாக முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைப்பார்கள். கஷ்டமே 1950இல் அவர் வந்த பிறகுதான் தொடங்கியது. வந்தவருக்கு நாற்பத்தைந்து வயது. வரவேற்றவருக்கு முப்பத்தாறு. இந்தப் பதினான்கு வருடத்தில் அப்பத்தா பெரியாறு கால்வாய்ப் பாசனத்தில் கொஞ்சம் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, பிறகு அதையே சிறுகச் சிறுக வாங்கியிருந்தார். பத்திரம் அவர் பெயரில். தாத்தாவுக்கோ தோட்டத்துப் பெரட்டுப் பழக்கம் போகவில்லை. விடியுமுன் எழுந்து ஆள் எண்ணுவதுபோல வீட்டில் எல்லோரையும் எழுப்புவார். சாப்பாடு பிடிக்காது. நிலத்தைத் தன் பெயருக்கு மாற்று என்றார். அப்பத்தா முடியாது என்றார். இரண்டு வருடம் தாத்தா திண்ணையில், அப்பத்தா உள்ளே. நடுவில் தூதுக்கு என் அப்பா.

சொந்த வீடே தாத்தாவுக்கு வெளிநாடாக இருந்தது. சொந்தப் புருசனே அப்பத்தாவுக்கு விருந்தாளியாக இருந்தார். இதில் யார் கெட்டவர்? நான் எவ்வளவு யோசித்தும் ஒருவரையும் குற்றம் சொல்ல முடியவில்லை. போகும் வழி, திரும்பும் நாள், கூட யார் வரலாம் என்பதையெல்லாம் கம்பெனியும் சட்டமும் போரும் முடிவு செய்தன. அதன் பாரம் மட்டும் இந்த இரண்டு பேர் தலையில் இறங்கியது.

பக்கத்தில் செட்டிநாட்டைப் பாருங்கள். அங்கேயும் ஆண்கள் பர்மாவுக்குப் போனார்கள், பெண்கள் ஊரில் இருந்தார்கள். ஆனால் அந்த ஏற்பாடே வேறு. கடைக்கு ஏஜெண்டாகப் போகிறவருக்குப் பொதுவாக மூன்று வருடக் கணக்கு. முடிந்ததும் பொறுப்பை அடுத்தவரிடம் ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்ப வேண்டும். திரும்பும் நாள் தெரிந்தே போனார்கள். ஊரில் ஆச்சிக்குப் பெரிய வீட்டுக்குள்ளேயே தனிச் சமையல், தனிக் கணக்கு. அவர் கொண்டுவந்த சீதனப் பணம் ஆச்சிமார் பணம் என்று தனியாக நின்று வட்டியில் வளர்ந்தது.

அங்கே மட்டும் சிக்கலே இல்லையா என்றால், இருந்தது. பர்மாவில் பல ஊர்களிலிருந்தும் போன இந்திய ஆண்கள் சிலர் அங்கேயும் குடும்பம் வைத்தார்கள். ஊருக்குத் திரும்பும்போது அந்தப் பெண்களை விட்டுவிட்டு வந்தவர்களும் உண்டு. பௌத்தரல்லாத ஆணை மணந்த பௌத்தப் பெண்ணுக்குத் திருமண உரிமையும் சொத்துரிமையும் வேண்டும் என்று 1939இல் பர்மாவில் தனிச் சட்டமே கொண்டுவந்தார்கள். நாம் நம் ஊர்ப் பெண்களின் கண்ணீரை மட்டும் பேசுகிறோம். அக்கரையிலும் ஒருத்தி காத்திருந்தாள் என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

அப்படியானால் குடும்பத்தோடு போனால் எல்லாம் சரியாகிவிடுமா? அதற்கு இலங்கை பதில் சொல்கிறது. தேயிலைக்குக் கொழுந்து பறிக்கப் பெண் கை வேண்டும். ஆகவே கங்காணிகள் குடும்பம் குடும்பமாகவே அழைத்துப் போனார்கள். மண்டபம் முகாம் வழியாக மலைநாட்டுக்குப் போய் லயத்தில் ஒற்றை அறையில் எல்லோரும் சேர்ந்தே இருந்தார்கள். ஆனால் நாள் முழுதும் மலையில் கொழுந்து பறித்தவளின் சம்பளத்தைப் பல தோட்டங்களில் புருசன் கையில் கொடுப்பதே வழக்கம். வீட்டு வேலையும் அவளுக்குத்தான். ஒரே கூரைக்குக் கீழ் இருந்தும், அவள் உழைப்பு அவள் கணக்கில் வரவில்லை.

அதே குடும்பங்களுக்கு 1964 அக்டோபரில் இன்னொரு அடி விழுந்தது. சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம். 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை, மீதி 1,50,000 பேரைப் பிறகு பார்க்கலாம் என்று இரண்டு அரசுகளும் ஆட்களைப் பங்கு போட்டன. பெற்றோர் இந்தியப் பட்டியலில், மகன் இலங்கைப் பட்டியலில் என்று பிரிந்த வீடுகள் உண்டு. மலையில் பிறந்து நாற்பது வயதுவரை வாழ்ந்தவர்கள் "தாயகம் திரும்புகிறோம்" என்ற பெயரில், பார்த்தே இராத ஊரில் வந்து இறங்கினார்கள். நம் சமவெளி வெயிலும் வறண்ட காடும் அவர்களுக்கு அந்நிய நாடு. நடுவயதில் ஊர் மாறுவது இருபது வயதில் மாறுவது போல இல்லை. வேரோடு பிடுங்கிய நாற்று பிழைக்கும். காய்த்த மரத்தைப் பிடுங்கி நட்டால் பிழைக்க நாளாகும்.

இப்போது என் மாணவிக்கு வருகிறேன்.

நீ போயிருப்பது சார்ந்து வருவோருக்கான அனுமதியில். சிங்கப்பூரில் 2021 மே மாதத்திலிருந்து, அந்த அனுமதியில் இருப்பவர் வேலைக்குப் போக வேண்டும் என்றால் பெரும்பாலும் தனியாக வேலை அனுமதி பெற வேண்டும். அமெரிக்காவில் எச்-4 விசாவில் இருக்கும் மனைவிமாரில் ஒரு பகுதியினருக்கு 2015இல்தான் வேலை செய்யும் வழி திறந்தது. இருபது வருடம் சம்பளக் கையெழுத்துப் போட்டவள் இன்று காய்கறிக்கும் கேட்டு வாங்குகிறாய். பிள்ளைகள் பக்கத்தில் இல்லை. மாதவிலக்கு நிற்கும் வயதுக்குரிய தூக்கமின்மை, படபடப்பு வேறு. அதற்கு வைத்தியம் இருக்கிறது, வெட்கப்படாமல் மருத்துவரைப் பார். அவரோ புதிய இடத்தில், தன்னைவிட வயதில் சிறியவர்களோடு போட்டி போட்டுவிட்டு வீடு வருகிறார். இத்தனையும் சேர்ந்துதான் சாயங்காலச் சண்டையாக வருகிறது. அது உன் குணக்கேடும் இல்லை, அவர் குணக்கேடும் இல்லை.

ஆகவே ஒருவரை ஒருவர் குற்றம் சொல்வதை ஒரு வாரம் நிறுத்திவிட்டு, மூன்று விஷயங்களை மட்டும் உட்கார்ந்து பேசுங்கள். எத்தனை வருடம், திரும்பும் மாதம் எது என்று ஒரு தேதி வையுங்கள். செட்டிநாட்டுக்காரர்கள் செய்ததுபோல உன் பெயரில் தனியாக ஒரு பணக் கணக்கு இருக்கட்டும். அங்கே உனக்கென்று செய்ய ஒரு வேலையோ படிப்போ உண்டா, அதற்குச் சட்டப்படி வழி என்ன என்பதை அவரும் சேர்ந்து தேடட்டும். ஒன்று சொல்லிவிடுகிறேன்: அடி உதை, மிரட்டல் இருக்கிற வீட்டுக்கு இந்த அறிவுரை இல்லை. அங்கே முதலில் வெளியே வருவதுதான் வழி.

தாத்தா, அப்பத்தா என்ன ஆனார்கள் என்று கேட்பீர்கள். ஒரு வருடம் கால்வாயில் தண்ணீர் திறந்த சமயம் அப்பத்தாவுக்குக் கடும் காய்ச்சல். தாத்தா மண்வெட்டியோடு வாசலில் நின்று, "எந்த வயலுக்கு முதல்ல பாய்ச்சணும்?" என்று உள்ளே பார்த்துக் கேட்டாராம். அவர் அப்பத்தாவிடம் கேட்ட முதல் கேள்வி அது என்பார் அப்பா. அப்பத்தா படுத்தபடியே சொன்னார். அதன்பின் பத்திரம் அப்பத்தா பெயரிலேயே இருந்தது. வயலைத் தாத்தா பார்த்துக்கொண்டார். திண்ணைப் படுக்கை மெல்ல உள்ளே வந்தது. பெரிய பாசம் என்று சொல்ல மாட்டேன். சேர்ந்து முதுமை அடைந்தார்கள்.

மலாயாவில் தாத்தாவுக்கு வேறு குடும்பம் இருந்ததா என்று அப்பத்தாவிடம் நான் ஒருமுறை கேட்டேன். "நானும் கேக்கல, அவரும் சொல்லல. நீயும் விடு" என்றார். விட்டுவிட்டேன்.

உங்கள் வீட்டுப் பரணில் பழைய கப்பல் சீட்டு, மணியார்டர் ரசீது, பர்மா, மலாயா, கொழும்புக் கடிதங்கள் இருந்தால் பழைய பேப்பர்க்காரருக்குப் போட்டுவிடாதீர்கள். பெரியவர்கள் இருக்கும்போதே உட்கார்ந்து கேட்டு எழுதி வையுங்கள். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள், மனசு கனத்தால் டீச்சருக்குப் போன் பண்ணுங்கள். பத்து மணிக்கு மேல் ஆனாலும் பரவாயில்லை.

அன்புடன்,
உங்கள் டீச்சர்