தாடை எலும்பு முறிவு: தகடு பொருத்தும் அறுவை சிகிச்சை

முறிந்த தாடை எலும்பின் துண்டுகளை உரிய இடத்தில் சேர்த்து, சிறிய உலோகத் தகடுகளாலும் திருகாணிகளாலும் நிலைநிறுத்துவதே இச்சிகிச்சையாகும். சாலை விபத்து, கீழே விழுதல், அடிதடி ஆகியவற்றால் தாடை முறியக்கூடும். பாம்பன் போன்ற கடலோர ஊர்களில் படகுத் தளத்தில் வழுக்கி விழுவதாலும், இழுக்கும்போது அறுந்த கயிறு முகத்தில் அடிப்பதாலும் நேரலாம்.

பற்கள் முன்போல் ஒன்றோடொன்று பொருந்தாமை, வாய் திறக்க இயலாமை, ஈறில் இரத்தக் கசிவு, கீழுதடு மரத்துப்போதல் ஆகியவை முக்கிய அறிகுறிகள். இரத்தமும் நாக்கும் மூச்சுவழியை அடைக்கக்கூடும் என்பதால், கழுத்தில் காயமில்லாதவரை முன்சாய்ந்து அமரச் செய்ய வேண்டும். கழுத்துக் காயம் என ஐயம் எழுந்தால், 108 பணியாளர்கள் கூறும்படி மட்டுமே அசைக்க வேண்டும். பாம்பனிலிருந்து சாலைப் பாலம் வழியாக இராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை அடையலாம்.

சாலை விபத்தாயின், 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை வரம்புக்குட்பட்டு அரசே ஏற்கிறது. வீக்கம் வடியக் காத்திருந்து, தாடை அறுவை சிகிச்சை சில நாள் கழித்துச் செய்யப்படுவதும் உண்டு. ஆகவே முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் குறித்தும் முன்னதாகவே மருத்துவமனையில் கேட்டறிதல் நலம்.

முன்னர் மேல், கீழ்ப் பற்களைக் கம்பியால் பிணைத்து, நான்கு முதல் ஆறு வாரம் வாயை மூடிவைப்பதே வழக்கம். எளிய முறிவுகளுக்கு அம்முறை இன்றும் பயன்படுகிறது. 1970களில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் மிஷலே, ஷாம்பி ஆகியோரின் பணியால் சிறுதகடு முறை பரவியது. இதில் முழு மயக்கம் அளித்து, பெரும்பாலும் வாயின் உட்புறத்திலேயே கீறல் இடுவதால் முகத்தில் வடு தெரிவதில்லை. முதலில் பற்கள் சரியாகக் கடிக்கும் நிலையில் பொருத்தப்படும். பின்னரே டைட்டானியம் தகடு திருகப்படும். தொற்றோ தளர்வோ ஏற்படாவிடில் தகட்டை அகற்றத் தேவையில்லை.

வாயைத் திறக்க முடிகிறது என்பதால் எலும்பு கூடிவிட்டது என்று கருதலாகாது. தகடு எலும்பைப் பிடித்து வைத்திருக்கிறது, அவ்வளவே. எலும்பு கூட ஏறத்தாழ ஆறு வாரம் ஆகும். அதுவரை கடித்து மெல்லும் உணவு கூடாது. கேழ்வரகுக் கூழ், குழைந்த கஞ்சி, பருப்பு, முள் நீக்கி நன்கு மசித்த மீன் போன்றவை ஏற்றவை. கருவாடு, முறுக்கு, பரோட்டா வேண்டா. ஒவ்வொரு வேளை உணவுக்குப் பின்னும் வெதுவெதுப்பான உப்புநீரால் வாய் கொப்பளிக்க வேண்டும். புகைபிடித்தல் புண் ஆறுவதைத் தாமதப்படுத்தித் தொற்றுக்கு வழிசெய்யும். பீடியும் இதில் அடங்கும்.

உதட்டு மரப்பு மறையச் சில மாதங்கள் ஆகலாம். சிலருக்கு முழுமையாக மறையாதிருப்பதும் உண்டு. காய்ச்சல், சீழ், கூடும் வீக்கம், பற்கள் மீண்டும் பொருந்தாமை ஆகியவற்றில் ஒன்று தோன்றினாலும் மறுபரிசோதனை நாள் வரை காத்திராமல் மருத்துவமனைக்குச் செல்லவும். மருத்துவர் அனுமதிக்கும் முன் கடல் தொழிலுக்குத் திரும்ப வேண்டா. கரையிலிருந்து தொலைவில் தொற்று முற்றினால் உதவி கிடைக்க நேரமாகும்.