சைக்கிள் கற்ற ஜில்லா

சைக்கிள் விடக் கற்றுக்கொள்ளும் மனிதன் எதற்குப் பயப்படுகிறான்? விழுந்துவிடுவோமே என்றா? அந்தப் பயம் கொஞ்சம்தான். முழங்கால் சிராய்ப்பு நாலு நாளில் ஆறிவிடும். விழுவதை நாலு பேர் பார்த்துவிடுவார்களே என்பதுதான் பெரிய பயம். ஆறு வயதுப் பையனுக்கு இது கிடையாது; அதனால் இரண்டே நாளில் கற்றுவிடுகிறான். நாற்பது வயதில் முதல் தடவையாக ஏறுகிறவருக்கோ எதிர் வீட்டு ஜன்னல் அத்தனையும் கண்ணாகத் தெரிகிறது. சைக்கிள் சங்கம் என்று ஒன்று உலகத்தில் ஏற்பட்டதற்கு இதுவே முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒருவன் தனியாக விழுந்தால் அது வேடிக்கை. பத்துப் பேர் சேர்ந்து விழுந்து எழுந்தால் அதற்குப் பெயர் பயிற்சி.

சென்னைக்குத் தெற்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் நின்று பார்த்தால் இந்தப் பயிற்சியைக் காணலாம். தாம்பரம், வேளச்சேரி, திருவான்மியூர் என்று பல பக்கங்களிலிருந்து சைக்கிள்காரர்கள் வந்து சேர்ந்து, கோவளத்தை நோக்கி வரிசையாகப் போவார்கள். தலையில் கவசம், பின்னால் மினுக்கும் சிவப்பு விளக்கு. கம்பெனி உத்தியோகஸ்தர்கள், டாக்டர்கள், கல்லூரி மாணவர்கள், பள்ளிக்கூடம் விட்ட நாளிலிருந்து சைக்கிளையே தொடாத குடும்பத் தலைவிகள் என்று எல்லாரும் அதில் உண்டு. புதியவர்கள் வரும் நாளுக்கென்று சில சம்பிரதாயங்கள் வைத்திருக்கிறார்கள். வழி தெரிந்தவர் ஒருவர் முன்னால் போவார். பொறுமைசாலி ஒருவர் எல்லாருக்கும் கடைசியில் வருவார். அவருக்குப் பின்னால் ஒருவரும் இருக்கக் கூடாது. முன்னே போகிறவர் பள்ளத்தைக் கண்டால் கையைக் காட்டி எச்சரிக்க வேண்டும். முன்கூட்டிச் சொன்ன இடத்தில் நின்று, கடைசி ஆள் வரும் வரையில் காத்திருக்க வேண்டும். அப்புறம் முட்டுக்காட்டுப் பாலம், உப்பங்கழிக் காற்று, கோவளத்தில் சூடான டீ.

கோவளத்துக்குப் புதியவர்களைக் கூட்டிக்கொண்டு போவது புது வழக்கம் அல்ல. 1752-ஆம் வருஷம் ராபர்ட் கிளைவ் அங்கே இருந்த கோட்டையைப் பிடிக்கப் புறப்பட்டபோது அவருக்குக் கிடைத்தவர்கள், அப்போதுதான் சேர்க்கப்பட்ட 500 சிப்பாய்களும், இங்கிலாந்திலிருந்து கப்பலில் வந்து இறங்கிய 200 கற்றுக்குட்டிகளுமே. கோட்டையிலிருந்து வந்த ஒரு குண்டுக்கு ஒருவன் விழுந்தவுடன் மற்றவர்கள் திரும்பி ஓடினார்கள் என்றும், காவலுக்கு நின்ற ஒருவனை வெகு நேரம் கழித்துக் கிணற்றுக்குள்ளிருந்து கண்டெடுத்தார்கள் என்றும் மெக்காலே எழுதிவைத்திருக்கிறார். கிளைவ் அவர்களைத் திட்டவில்லை. தாமே ஆபத்தான இடத்தில் போய் நின்று காட்டினார். கொஞ்ச நாளில் அதே கற்றுக்குட்டிகள் கோட்டையைப் பிடித்தார்கள். கிளைவிடம் நமக்கு எத்தனையோ வழக்கு உண்டு. ஆனால் கற்றுக்குட்டிகளை எப்படி நடத்த வேண்டும் என்ற விஷயத்தில் அவர் செய்தது சரி.

சைக்கிள் சங்கங்களின் பிறப்பிடமும் அந்த இங்கிலாந்துதான். சார்லஸ் டிக்கன்ஸ் 1870 ஜூன் மாதம் காலமானார். அதே மாதத்தில் லண்டனில் சிலர் கூடி ஒரு சைக்கிள் சங்கம் தொடங்கி, அவருடைய நாவலின் கதாநாயகர் பெயரால் அதற்குப் 'பிக்விக் சைக்கிள் கிளப்' என்று நாமகரணம் செய்தார்கள். அங்கத்தினர் ஒவ்வொருவருக்கும் அந்தக் கதையில் வரும் ஒரு பாத்திரத்தின் பெயர்! நாவல் எழுதுகிறவர்களுக்கு இதைவிட நல்ல அஞ்சலி கிடைக்குமா என்பது சந்தேகம். அந்தக் காலத்துச் சைக்கிளோ, முன் சக்கரம் ஆள் உயரமும் பின் சக்கரம் சாண் உயரமுமாக இருந்த ஒரு பூதம். அதிலிருந்து விழுவது மாடியிலிருந்து விழுவதற்குச் சமானம். 1885-ல் ஜான் கெம்ப் ஸ்டார்லி இரண்டு சக்கரத்தையும் ஏறக்குறையச் சமமாக்கி, நடுவில் செயின் போட்டு, இன்று நாம் பார்க்கும் உருவத்தைக் கொடுத்தார். 1888-ல் டன்லப் என்ற மிருக வைத்தியர் தம் மகனுடைய மூன்று சக்கர வண்டிக்காகக் காற்றடைத்த டயரைச் செய்தார். அதற்குப் பிறகுதான் சாமானிய மனிதனும் பயமில்லாமல் சைக்கிளில் ஏறினான்.

ஏறினவர்களில் ஒருவர் டால்ஸ்டாய். 1895-ல் அவருக்கு 67 வயது. அந்த வருஷம்தான் அவருடைய கடைக்குட்டி மகன் ஏழு வயது நிரம்பாமலே இறந்துபோனான். துக்கம் ஆறாத அந்த நாட்களில் மாஸ்கோ சைக்கிள் சங்கத்தார் கிழவருக்கு ஒரு வண்டியைக் கொடுத்து, ஓட்டவும் கற்றுக்கொடுத்தார்கள். உலகமே வணங்கும் மகான் இந்த வயதில் சைக்கிள் விடலாமா என்று சீடர்களில் சிலருக்கு முகம் சுளித்தது. அவர் லட்சியம் செய்யவில்லை.

டால்ஸ்டாய் ஆண்பிள்ளை, போதாததற்குப் பிரபு. அவரைப் பார்த்து முகம் சுளிக்கலாமே ஒழிய ஊர் கூடித் தடுத்துவிட முடியாது. சைக்கிளில் ஏறிய பெண்களின் கதை வேறு. அளவுக்கு மீறிச் சைக்கிள் விட்டால் முகம் கோணிப்போகும் என்றும், அது முக்கியமாகப் பெண்களைப் பிடிக்கும் என்றும் 1890-களில் மேல்நாட்டு டாக்டர்கள் சிலர் ஒரு நோயையே கற்பித்தார்கள். 1897 மே மாதம் கேம்பிரிட்ஜ் சர்வகலாசாலையில் பெண்களுக்கு முழுப் பட்டம் கொடுக்கலாமா என்று ஓட்டெடுத்தபோது, எதிர்த்த மாணவர்கள் ஒரு பெண்ணின் கொடும்பாவியைச் செய்து நடுத்தெருவில் தொங்கவிட்டார்கள். அந்தப் பொம்மையை எதன்மேல் ஏற்றி உட்காரவைத்தார்கள் தெரியுமா? ஒரு சைக்கிளின்மேல்! படிக்கிற பெண்ணும் சைக்கிள் விடுகிற பெண்ணும் அவர்களுடைய கோபத்துக்கு ஒன்றாகவே தெரிந்திருக்கிறார்கள். கேம்பிரிட்ஜ் பெண்களுக்குப் பட்டம் கொடுத்தது 1948-ல்.

இந்தக் கதையின் நல்ல பாகம் நடந்தது இங்கிலாந்தில் அல்ல, நம்முடைய புதுக்கோட்டையில்.

நம் ஊரில் சைக்கிளுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் இங்கிலாந்திலிருந்து இறக்குமதியாயிற்று; 1949-ல் டி.ஐ. சைக்கிள்ஸ் கம்பெனி தொடங்கி, அம்பத்தூரிலேயே வண்டி தயாராகத் தொடங்கியது. மணிக் கணக்கில் வாடகைக்கு விடும் கடை தெருவுக்கொன்று இருந்தது. சீட்டுக்குக் கால் எட்டாத பையன்கள் பாருக்கு அடியில் காலை நுழைத்துக் குரங்குப் பெடல் போட்டே கற்றுத் தேறினார்கள். ஆனால் கிராமத்துப் பெண்பிள்ளை? அவள் அண்ணன் ஓட்டும் வண்டியின் கேரியரில் உட்கார்ந்து போகலாம். பஸ் நிற்கும் இடம் நாலு மைல் என்றால் அங்கே கொண்டுபோய் விடுவதற்கு அப்பாவோ, புருஷனோ, பிள்ளையோ ஓய்வாக இருக்க வேண்டும். அவர்களுக்கு ஓய்வில்லாத நாளில் அவளுக்குச் சந்தையும் கிடையாது, ஆஸ்பத்திரியும் கிடையாது.

1991-ல் புதுக்கோட்டை ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கிற்று. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்குத் தொண்டர்கள் சம்பளம் வாங்காமல் சொல்லிக்கொடுத்தார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத் என்ற பெண்மணி. எழுத்தறிவோடு சைக்கிள் ஓட்டுவதையும் பாடத்தில் சேர்க்க வேண்டும் என்ற யோசனை அவருடையது. அகரத்துக்கும் பெடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கத் தோன்றும். கேம்பிரிட்ஜ் பையன்களுக்குத் தெரிந்த சம்பந்தம்தான்! கையெழுத்துப் போடக் கற்ற பெண், அந்தக் கையெழுத்தைப் போடுவதற்குப் பாங்குக்கோ பஞ்சாயத்து ஆபீசுக்கோ யாருடைய தயவும் இல்லாமல் போய்வர வேண்டாமா? பெண்கள் சைக்கிள் வாங்கக் கடன் கொடுக்கும்படி பாங்குகளையும் அவர் தூண்டினார்.

முதலில் தொண்டர்களாக இருந்த பெண்கள் கற்றார்கள். பிறகு அவர்களிடம் படிக்க வந்தவர்கள் கற்றார்கள். கல் உடைக்கும் குவாரிகளில் கூலி வேலை செய்தவர்களும், வயல் வேலை செய்தவர்களும், பள்ளி ஆசிரியைகளும், நர்ஸுகளும் கற்றார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் நல்ல புடவையாகக் கட்டிக்கொண்டு, கூட்டம் கூட்டமாக மைதானத்துக்கு வந்து கற்றார்கள். ஒருத்தி ஏற, ஒருத்தி பிடிக்க, ஒருத்தி பின்னால் ஓட, விழுந்தவளைப் பார்த்து எல்லாருமாகச் சிரிக்க, விழுந்தவளும் சேர்ந்து சிரிக்க, பயிற்சி நடந்தது. காது கொடுத்துக் கேட்க முடியாத வார்த்தைகளைச் சொன்ன ஆண்கள் இருந்தார்கள். ஒரே ஒரு பெண் ஓட்டியிருந்தால் அந்த வார்த்தைகளே அவளை இறக்கிவிட்டிருக்கும். ஒரு கிராமத்தில் நாற்பது பேர் ஓட்டும்போது, யாரை என்று கேலி செய்வது? கேலி செய்கிறவனின் சொந்தத் தங்கையும் அந்த நாற்பதில் ஒருத்தியாக இருப்பாளே!

1992-ல் சர்வதேச மகளிர் தினத்தை ஒட்டி, 1,500-க்கு மேற்பட்ட பெண்கள் ஹாண்டில் பாரில் கொடி கட்டி, மணி அடித்துக்கொண்டு புதுக்கோட்டை நகரத்துக்குள் சைக்கிளில் வந்தார்கள். அந்த ஜில்லாவை நேரில் சுற்றிப் பார்த்த பத்திரிகையாளர் பி. சாய்நாத், 1996-ல் வெளியான தம் நூலில் இதை விவரமாக எழுதியிருக்கிறார். பொது இடங்களில் நடந்த சைக்கிள் விழாக்களிலும் போட்டிகளிலும் மட்டும் 70,000 பெண்களுக்கு மேல் கலந்துகொண்டார்கள் என்பது அவர் தரும் கணக்கு. பத்து வயதுக்கு உட்பட்டவர்களை நீக்கிவிட்டால், ஜில்லாவின் கிராமப் பெண்களில் நாலில் ஒரு பங்குக்கு மேல் சைக்கிள் கற்றிருப்பார்கள் என்கிறார். வடக்கே ஹிந்தி படிக்கும் எட்டாம் வகுப்புப் பிள்ளைகள் அந்தக் கட்டுரையைத் தங்கள் பாடப் புத்தகத்தில் படித்திருக்கிறார்கள். நம்மில் எத்தனை பேர் படித்திருக்கிறோம்?

புதுக்கோட்டைக்கு இந்தக் காரியம் பொருந்தும். 1886-ல் அங்கே பிறந்த முத்துலட்சுமி, ஆண்பிள்ளைகள் மட்டும் படித்த மகாராஜா கல்லூரியில் சேர விரும்பியபோது ஊரில் எதிர்ப்புக் கிளம்பியது. மகாராஜா அனுமதி கொடுத்தார். 1912-ல் அந்தப் பெண் சென்னையில் டாக்டர் பட்டம் பெற்றார். பிற்காலத்தில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியாக அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் தோற்றுவித்தார். ஆனால் அவர் தன்னந்தனியாக வகுப்பறைக்குள் நுழைய வேண்டியிருந்தது. அப்படித் தனியாக நுழைவதற்கு ஒரு முத்துலட்சுமி வேண்டும். எல்லாப் பெண்களும் முத்துலட்சுமியாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமா? சாதாரணத் தைரியம் உள்ளவர்களும் ஒரு காரியத்தைச் செய்ய வேண்டுமானால் அவர்களுக்குக் கூட்டம் வேண்டும். புதுக்கோட்டையில் எண்பது வருஷத்துக்குப் பிறகு அந்தக் கூட்டம் சேர்ந்தது.

2001-க்குப் பிறகு தமிழ்நாட்டில் பள்ளிப் பெண்களுக்கு அரசாங்கமே இலவசமாகச் சைக்கிள் கொடுக்கத் தொடங்கியது. சாயங்காலம் நாலரை மணிக்குக் கிராமச் சாலைகளில் பெண்பிள்ளைகள் வரிசையாகச் சைக்கிளில் வீடு திரும்புவதை இன்று யாரும் நின்று பார்ப்பதில்லை. நின்று பார்ப்பதில்லை என்பதுதான் வெற்றி. கோவளம் சாலையில் உடம்பு நலத்துக்காகச் சைக்கிள் மிதிக்கும் பட்டணத்துப் பெண்மணியையும் இன்று யாரும் தடுப்பதில்லை. அவருக்கு அது ஞாயிற்றுக்கிழமைச் சந்தோஷம். புதுக்கோட்டைப் பெண்ணுக்கு அது தண்ணீரும் கூலியும் சந்தையும். ஆனால் இருவருக்கும் வழிவிட்ட உபாயம் ஒன்றே: கூட்டமாகப் போவது, கடைசியில் வருகிறவருக்காக நிற்பது.

ஒரு சிறு விஷயத்தைச் சொல்லி முடிக்கிறேன். மேல்நாட்டில் பாவாடை அணிந்த பெண்களுக்காக, குறுக்கே போகும் பாரைத் தாழ்த்தி லேடீஸ் சைக்கிள் என்று தனியாகச் செய்தார்கள். புதுக்கோட்டையில் அந்த வருஷம் லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு. கிராமத்துப் பெண்கள் காத்திருக்கவில்லை. ஆண்கள் சைக்கிளையே வாங்கினார்கள். தட்டுப்பாடு ஒரு காரணம். சிலர் விரும்பியே அதை வாங்கினார்கள். சீட்டிலிருந்து ஹாண்டில் வரை போகும் அந்தப் பாரில் குழந்தையை உட்காரவைத்துக்கொள்ளலாம் அல்லவா?