பாக் நீரிணையும் பவுடர் டப்பாவும்



போன வாரம் உச்சிப்புளி கடைத்தெருவில் பழைய மாணவர் ஒருவரைப் பார்த்தேன். மகள் நீச்சல் போட்டிக்குத் தயாராகிறாளாம். கையில் பி.சி.ஏ.ஏ. பவுடர் டப்பா. "அமினோ அமிலம்தானே சார், வாங்கிக் கொடுக்கலாமா?" என்றார். நின்றபடி சொல்லி முடிக்கிற பதில் இல்லை. அதனால் இங்கே எழுதுகிறேன்.

முதலில் நம் கடல். 1954-இல் ஈழத்து நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரைக்கு 27 மணி நேரம் நீந்தி வந்தார். 1966 ஏப்ரலில் மிஹிர் சென் தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு வர 25 மணி 36 நிமிடம் ஆனது. 1971-இல் குமார் ஆனந்தன் அதே வழியில் வந்து, திரும்பியும் நீந்தினார்: 51 மணி நேரம்! இவர்கள் காலத்தில் நம் பக்கம் இந்த டப்பா வியாபாரமே கிடையாது. 1994-இல் குற்றாலீஸ்வரன் கடந்தபோது அவருக்கு வயது 12. என் வகுப்புப் பிள்ளைகள் பல நாள் அதையே பேசிக்கொண்டிருந்தார்கள்.

அமினோ அமிலம் வியாபாரமானதும் கடலிலிருந்துதான். 1908-இல் ஜப்பானின் இகேடா, கொம்பு என்ற கடற்பாசியிலிருந்து குளுட்டமேட்டைப் பிரித்தார். (நம் மண்டபம் பெண்கள் எடுக்கும் பாசி வேறு.) 1950-களில் பாக்டீரியாவைக் கொண்டு நொதிக்கவைத்து மலிவாகச் செய்யக் கற்றார்கள். அப்புறம் சரக்கு பெருகியது.

விளையாட்டுக்கு அது எப்படி வந்தது? 1987-இல் ஆக்ஸ்போர்டின் நியூஸ்ஹோம் ஒரு கருத்தைச் சொன்னார். நீண்ட நேர உழைப்பில் மூளைக்குள் டிரிப்டோபன் அதிகம் போய் களைப்பு வருகிறது. லியூசின், ஐசோலியூசின், வேலின் மூன்றும் அதே வாசலில் போட்டியிட்டு அதைத் தடுக்கும் என்பது அது. அழகான கருத்து. 1991-இல் மாரத்தான் ஓட்டக்காரர்களிடம் செய்த ஆய்வு ஓரளவு ஆதரித்தது. 1995-இல் டச்சு ஆய்வாளர்கள் சோதித்தபோது பலன் தெரியவில்லை. ஆனால் டப்பா நிற்கவில்லை. 2018-இல் சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் நிபுணர்கள், திறனைக் கூட்ட நல்ல ஆதாரம் உள்ளவை என்று தந்த சிறு பட்டியலில் பீட்டா அலனின் இருக்கிறது; இந்த மூன்றும் இல்லை.

பலன் இல்லாவிட்டால் காசுதான் போகும் என்று விட்டுவிடலாம். எனக்குப் பயம் வேறு. பி.சி.ஏ.ஏ. தடைசெய்யப்பட்ட பொருள் அல்ல. ஆனால் ஜெர்மனியின் கொலோன் ஆய்வகம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்டுகளைச் சோதித்து 2004-இல் வெளியிட்டது: 94-இல் லேபிளில் சொல்லாத ஸ்டீராய்டு!

அமெரிக்க நீச்சல் வீராங்கனை ஜெசிகா ஹார்டி கதை இதுதான். 2008 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் அவர் சிறுநீரில் கிளென்புடரால் துளியளவு தெரிந்தது. தான் சாப்பிட்ட ஆர்ஜினின் சப்ளிமென்டில் கலந்திருந்தது என்றார். தயாரித்த நிறுவனம் மறுத்தது. விசாரித்தவர்கள் அவர் ஏமாற்றவில்லை என்று ஏற்று, இரண்டு வருடத் தடையை ஒன்றாகக் குறைத்தார்கள். ஆனால் பெய்ஜிங் போய்விட்டது. உடம்பில் இருந்தால் பொறுப்பு வீரருடையது, அதுதான் விதி. லண்டனில் பதக்கம் வாங்க அவர் 2012 வரை காத்திருந்தார்.

தம்பி, 100 கிராம் மீனில் சுமார் 20 கிராம் புரதம். அந்த மூன்றும் அதற்குள்ளேயே உண்டு. பிள்ளைக்குக் காலையில் அவித்த பயறும் முட்டையும் கொடுங்கள். டப்பாவைக் கடையில் திருப்பி எடுப்பார்களா என்று கேட்டுப் பாருங்கள்.

குற்றாலீஸ்வரன் தனுஷ்கோடியில் கரையேறியதை நேரில் பார்த்தவர்கள் இருந்தால் கமெண்டில் எழுதுங்கள்.