புத்துயிர் பெற்ற பழைய மாளிகை
எம்பயர் ஸ்ரேற் கட்டடமும் அதன் வாடகைக்காரரும்

கோயில் பத்தியால் நிலைபெறுவது. கோட்டை காவலால் நிலைபெறுவது. காரியாலய மாளிகையோ வாடகையால் நிலைபெறுவது. வாடகைக்காரர் அகல்வாராயின் எத்துணை அழகிய மாளிகையும் நாளடைவிற் பாழ்படும். ஆதலின், மூப்படைந்த மாளிகையொன்றை இடித்தொழியாது புதுக்கி வாழவைக்க விழைவோர், வணிகர் அதனை நாடுவதும் நாடாதொழிவதும் எக்காரணங்களால் என்பதை முதற்கண் ஆராய்தல் வேண்டும். இவ்வாராய்ச்சிக்கு நியூயோர்க் நகரத்து எம்பயர் ஸ்ரேற் கட்டடத்தின் வரலாறு சிறந்ததோர் எடுத்துக்காட்டாகும்.

102 மாடிகளையுடைய அக்கட்டடம் 1930 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் தொடங்கப்பெற்று, 1931 ஆம் ஆண்டு மே மாதம் 1 ஆந் திகதி திறந்துவைக்கப்பட்டது. அக்காலை அமெரிக்காவைப் பெரும் பொருளாதார மந்தம் பீடித்திருந்தது. உலகிலேயே உயர்ந்த மாளிகையாயிருந்தும் அதன் மாடிகள் பல வெறுமையாய்க் கிடந்தன. மக்கள் அதன் பெயரைத் திரித்து ‘வெறுங் கட்டடம்’ என எள்ளி நகையாடினர். காட்சிமாடத்தைக் காணவந்தோர் செலுத்திய கட்டணமே அந்நாளில் உரிமையாளருக்குப் பெருந் துணையாயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே கட்டடம் இலாபம் ஈட்டலாயிற்று.

1981 ஆம் ஆண்டில் நியூயோர்க் நகரம் அதனைப் பாதுகாக்கத்தக்க சின்னமெனப் பிரகடனஞ் செய்தது. ஆயினும், புகழ் வேறு, பயன் வேறு. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் சிறு வணிகர் பலரே அதன் அறைகளிற் குடியிருந்தனர். பெருநிறுவனங்கள் புதிய கோபுரங்களையே நாடின. பழுதுற்ற பொறிகளும், குளிரையும் வெப்பத்தையும் தடுக்கமாட்டாத யன்னல்களும் உடைய மாளிகைக்குப் பெயர் மட்டும் துணைசெய்ய இயலவில்லை.

2006 ஆம் ஆண்டில் நிருவாகப் பொறுப்பை ஏற்ற அந்தோனி மால்கின் என்பார் பெருந் திருத்தத்தை மேற்கொண்டார். எரிசக்தியை 38 சதவீதம் குறைக்குந் திட்டம் 2009 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. 6,514 யன்னல்களின் கண்ணாடிகளும் எறியப்படவில்லை. கட்டடத்தின் ஐந்தாம் மாடியிலேயே அமைத்த தொழிற்கூடத்திற் கழற்றப்பட்டு, இடையே மென்படலமும் வாயுவும் இடப்பெற்று மீளப் பொருத்தப்பட்டன. வெப்பமூட்டிகளின் பின்னே காப்புத் தகடுகள் வைக்கப்பட்டன; குளிரூட்டும் பொறிகள் செப்பனிடப்பட்டன. சிக்கனத்தின் பொருட்டு மேலதிகமாக வேண்டப்பட்ட செலவு ஏறத்தாழ 13 மில்லியன் டொலர். ஆண்டுதோறும் மீதமாகுமென மதிப்பிடப்பட்டது 4.4 மில்லியன் டொலர். முன்னர் மறைக்கப்பட்டிருந்த முகப்பு மண்டபத்து விதான ஓவியமும் பொன்னிறத் தகடுகளால் மீள ஆக்கப்பட்டது. கட்டடம் முழுவதையும் எழுப்புதற்குச் சென்ற காலத்தினும் அவ்வொரு மண்டபத்தைச் செப்பனிடுதற்குச் சென்ற காலம் மிகுதி என்பது வியத்தற்குரியது.

இதன் பயன் விரைவில் வெளிப்பட்டது. ஸ்கன்ஸ்கா என்னுங் கட்டட நிறுவனம் 2008 ஆம் ஆண்டிலேயே 32 ஆம் மாடியை வாடகைக்குப் பெற்றது. 2011 ஆம் ஆண்டிற் புகுந்த லிங்க்ட்இன் நிறுவனம் படிப்படியாக விரிந்து ஏறத்தாழ 5 இலட்சம் சதுர அடியைத் தனதாக்கிற்று. உலகறிந்த முகவரி, நகர நடுவிலுள்ள இருப்பிடம், குறைந்த மின்செலவு, ஊழியர்க்கு உவந்த சூழல் ஆகியவை ஓரிடத்தே கிடைத்தமையே இவ்வீர்ப்புக்குக் காரணமெனலாம். முன்னைய இரண்டும் பழமை தந்தவை. பின்னைய இரண்டும் புதுமை தந்தவை. அன்றியும், கட்டடத்தில் நுகரப்படும் சக்தியிற் பெரும்பகுதி வாடகைக்காரராலேயே நுகரப்படுவதாகலின், அவர்தம் ஒத்துழைப்பின்றித் திட்டம் முற்றுப்பெறாது. இதனால் அவர் வெறுங் குடியிருப்போராக அன்றித் திருத்தத்திற் பங்காளராயினர்.

எனினும், இவ்வரலாற்றிற்கு மற்றொரு பக்கமும் உண்டு. சிற்றறைகள் இணைக்கப்பட்டுப் பெருந் தளங்களானபோது, நெடுங்காலம் அங்கே தொழில் நடத்திய சிறு வணிகர் பலர் வெளியேற நேர்ந்தது. வறட்சிக் காலத்தில் மாளிகையைத் தாங்கியவர், வளம் வந்தபோது அதன் நிழலை இழந்தனர். கல்லையும் கண்ணாடியையும் காத்தல் அரிய பணியே. அவற்றினிடையே வாழ்ந்த தொழில்களையும் உடன்காத்தல் அதனினும் அரியது. பழைய மாளிகைகளைப் புதுக்க முற்படும் நகரங்கள் யாவும் இவ்விரண்டையும் ஒருங்கு நிறுத்தி எண்ணுதல் கடனாகும்.