உறக்கமிழந்த இரவு யாருக்குச் சொந்தம்? பேரிடரும் உடல் தரவும்

2014 ஆகஸ்ட் 24 அதிகாலை 3.20 மணிக்குக் கலிஃபோர்னியாவின் நாபா பகுதியை 6.0 அளவுள்ள நிலநடுக்கம் உலுக்கியது. விரைவிலேயே ஜாபோன் நிறுவனம் ஒரு வரைபடத்தை வெளியிட்டது. அதன் 'அப்' கைப்பட்டையை அணிந்து தூங்கியவர்களின் அசைவுப் பதிவுகளைத் தொகுத்து வரைந்த படம் அது. நிலநடுக்க மையத்திலிருந்து 15 மைலுக்குள் அமைந்த நாபா, சொனோமா, வல்லேஹோ, ஃபேர்ஃபீல்டு நகரங்களில் அதை அணிந்திருந்தவர்களில் 93 விழுக்காட்டினர் அந்த நேரத்தில் திடுக்கிட்டு விழித்தனர். 45 விழுக்காட்டினர் அதன்பின் விடியும்வரை கண்ணயரவில்லை. தொலைவு கூடக்கூட விழித்தோர் கோடு தணிகிறது. பேரிடரில் ஓர் உடல் பட்ட பாட்டின் பதிவு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியை இப்படம் எழுப்புகிறது. அது பட்டவருக்கே உரியது. பொதுநன்மையின் பெயரால் அதை நாடுவோரும் அதற்கெனத் தனியே கேட்டுத்தான் பெறவேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

படத்தில் எவர் பெயரும் இல்லையே, விழுக்காடுகள் யாரைக் காட்டிக்கொடுக்கும் என்பது முதல் மறுப்பு. தொகுப்பில் பெயர் இல்லாதது உண்மை. ஆனால் அதை உண்டாக்க, ஒவ்வொருவரும் எந்த ஊரில், எந்த நிமிடம்வரை தூங்கினார் என்ற தனிப்பதிவு நிறுவனத்தின் கையில் இருந்தாகவேண்டும். மேலும், ஆள் குறைந்த இடத்தில் தொகுப்பே அடையாளமாகிவிடும். ஸ்ட்ராவா நிறுவனம் 2017 நவம்பரில் நூறு கோடிக்கும் மேற்பட்ட உடற்பயிற்சிப் பதிவுகளைக் கொண்டு பெயரற்ற உலக வரைபடம் ஒன்றை வெளியிட்டது. பெருநகரங்களில் அது ஒளிவெள்ளமாகத் தெரிந்தது. சிரியா, ஆப்கானிஸ்தான் போன்ற நாடுகளின் இருண்ட பரப்பிலோ, படைவீரர்கள் ஓடிய தடங்கள் இராணுவ முகாம்களின் வடிவத்தையே வரைந்து காட்டின. 2018 ஜனவரியில் ஆஸ்திரேலிய மாணவர் ஒருவர் இதைச் சுட்டிக்காட்டினார். அவ்வாண்டு ஆகஸ்டில் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, களப்பகுதிகளில் இருப்பிடம் காட்டும் வசதிகளைப் பயன்படுத்தத் தடை விதித்தது. மக்கள் வெளியேறிய வெள்ளப் பகுதியும் அத்தகைய வெறும்பரப்புதான். அங்கே எஞ்சியிருக்கும் இரண்டொரு தடங்களுக்குப் பெயர் தேவையில்லை.

பேரிடர்க் காலத் தரவுக்கு இன்னொரு தனித்தன்மையும் உண்டு. வீட்டையோ உறவையோ இழந்தவர் தம் துயரத்தை யாரிடம் சொல்வது, எவ்வளவு சொல்வது என்று தாமே முடிவு செய்கிறார். கைப்பட்டை அந்த முடிவுக்குக் காத்திருப்பதில்லை. துண்டுதுண்டான உறக்கம், ஏறிய நாடித்துடிப்பு, வெளியே நடக்காத நாள்கள் என எல்லாமே அதில் பதிவாகின்றன. அமெரிக்க ஆயுள் காப்பீட்டு நிறுவனமான ஜான் ஹான்காக், 2018இல் தன் எல்லாக் காப்பீடுகளிலும் உடற்பயிற்சித் தரவைப் பகிர்வோருக்குச் சலுகை தரும் திட்டத்தை இணைத்தது. பகிர்வது விருப்பத்தைப் பொறுத்ததே. எனினும், நடந்த அடிகளுக்குச் சலுகை என்ற கணக்கில், துயரத்தால் முடங்கியவரின் மாதம் குறைந்த மதிப்பெண் பெற்ற மாதமாகவே தெரியும். இழந்தவர் இரண்டாம் முறையும் இழக்கும் வழி இது.

பேரிடரில் உயிர்காக்கத் தரவு வேண்டாமா என்ற மறுப்பு வலுவானது. வேண்டும்; ஆனால் பறித்துக்கொள்வது அதற்கான வழியன்று. கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் பெர்க்லி வளாகம் 2016இல் வெளியிட்ட 'மைஷேக்' செயலி, கைப்பேசியின் முடுக்கமானியால் நில அதிர்வை உணர்கிறது. அதை நிறுவுபவர் நிலநடுக்க ஆய்வுக்கு உதவுவதாக அறிந்தே நிறுவுகிறார். அது அளப்பது நிலத்தின் அசைவை. கைப்பட்டை அளப்பது மனிதரின் உறக்கத்தை. அறிவியல் பயனும் முன்கேட்ட ஒப்புதலும் சேர்ந்தே இருக்க முடியும் என்பதற்கு மைஷேக்கே சான்று.

வாங்கும்போதே நிபந்தனைகளுக்கு ஒப்புக்கொண்டார்களே என்பது மூன்றாவது மறுப்பு. தம் உறக்கத்தைத் தாம் அறியத் தந்த ஒப்புதல் அது. பிறர் பயனுக்கெல்லாம் அது நீளாது. ஒப்புதலைப் பெற்ற நிறுவனமே நிலைப்பதும் உறுதியில்லை: ஜாபோன் 2017இல் கலைப்புக்கு உள்ளானது. இந்த ஒப்புதல் சிக்கல் இந்தியாவுக்குத் தொலைதூரச் செய்தியன்று. தனியுரிமை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் 2017இல் புட்டசாமி வழக்கில் தீர்ப்பளித்தது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, பேரிடரின்போதும் பொது ஒழுங்கு குலையும்போதும் ஒருவரின் பாதுகாப்புக்காகவும் உதவிக்காகவும் தரவை ஒப்புதலின்றிக் கையாள 7ஆம் பிரிவில் இடமளிக்கிறது. மீட்புப் பணிக்கு இவ்விலக்கு தேவைதான். ஆனால் 2011ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்ப விதிகள் உடல்நிலைத் தகவலைக் கூருணர்வுத் தரவு எனத் தனியே வகைப்படுத்தின. புதிய சட்டத்தில் அந்த வகையே இல்லை. எனவே, முகவரிக்கும் நாடித்துடிப்புக்கும் ஒரே வாசல் திறந்திருக்கிறது.

இவ்வாசலை மூடச் சொல்லவில்லை. அதற்குத் தாழ்ப்பாள் வேண்டும் என்கிறேன். மீட்புக்கு வேண்டிய இருப்பிடத் தகவலையும் உடல்நிலைத் தகவலையும் சட்டம் பிரித்துக் காணவேண்டும். விலக்கின்கீழ்ப் பெற்ற தரவை அழிக்கவேண்டிய நாளைப் பேரிடர் அறிவிப்போடு சேர்த்தே அறிவிக்கவேண்டும். காப்பீட்டுக்கும் விளம்பரத்துக்கும் அது செல்வதை முற்றாகத் தடுக்கவேண்டும். எல்லாவற்றையும் இழந்து நிற்பவர் நிபந்தனைகளைப் படித்துப் பேரம் பேசும் நிலையில் இருப்பதில்லை. ஆகவே அவருக்கான காப்பு பேரிடருக்கு முன்பே எழுதப்பட்டிருக்கவேண்டும்.