வேரும் குழியும் காட்டும் கணக்கு

சிம்பாங் ரெங்கம் போன்ற ஜொகூர் வட்டாரங்களில் நம் முன்னோர் ரப்பர் நட்ட காலத்தில், ஒரு புல்கூட இல்லாத நிரைதான் நல்ல தோட்டத்துக்கு அடையாளம். புல் மரத்தின் உணவைத் தின்றுவிடும் என்று துரைமார் நம்பினார்கள். கங்காணி மேற்பார்க்க, ஆணும் பெண்ணும் மண்வெட்டியால் சுரண்டித் தரையை மொட்டையாக்கினார்கள். மழை பெய்தது; மேல்மண் ஆற்றோடு போயிற்று. கூலியும் கொடுத்து மண்ணையும் இழந்த கதை இது.

அந்த இழப்பை அளக்கப் பெரிய கருவி வேண்டியதில்லை. மண்ணுக்குள் இருந்த பக்கவேர் வெளியே தெரிந்தால், வேரின் மேற்புறத்திலிருந்து தரைவரை அளக்கலாம். மரம் நட்ட ஆண்டு தெரிந்தால், ஆண்டுக்கு எவ்வளவு என்பதும் தெரிந்துவிடும். சரிவில் நீரையும் மண்ணையும் தடுக்க வெட்டிய குழிகளும் கணக்குச் சொல்லும். எந்தக் குழி சீக்கிரம் தூர்ந்துபோகிறது என்பது அதைத் தூர் வாருகிறவருக்குத் தெரியும். அவரைக் கேட்டு எழுதி வைத்தவர் எத்தனை பேரோ!

1925-இல் ரப்பர் ஆராய்ச்சிக் கழகம் அமைந்தது. 1930-களில் மொட்டைத் தரை வழக்கம் தளர்ந்து, சென்ட்ரோசீமா, பியூரேரியா போன்ற கொடிகளை நிரைகளுக்கிடையே படரவிட்டார்கள்.

இன்று செம்பனை மறுநடவில் தரை மறுபடி திறந்து கிடக்கிறது. சரிவின் மேலே, நடுவே, கீழே இரும்புக் கம்பிகளை அடித்து, தரைமட்டத்தில் கோடு போட்டு வையுங்கள். மழைக்காலம் கழிந்ததும் பாருங்கள். சராசரி ஒரு மில்லிமீட்டர் குறைந்திருந்தாலே, ஏக்கருக்கு நாலு கன மீட்டர் மண், சுமார் ஐந்து டன், போய்விட்டது.